ஏழாவது புட்டி

ஊறுகாய் தீர்ந்த கண்ணாடிப் புட்டியில்தான்
கொண்டுவந்தாள் பென்கா.
மூடியில் சிவப்பு மிளகாய்ப் படம் அப்படியே இருந்தது.
அதன்மேல் பேனாவால் கிழமை, நேரம்,
"இளகல்" என்று ஒரு சொல்.
ரூசே நகரத்துப் பதினைந்தாம் எண் பேருந்தில்
மடியில் வைத்துக்கொண்டு வந்தாளாம்.
"வீட்டில் செய்ததா?" என்று
பக்கத்து இருக்கைக்காரர் கேட்டாராம்.
ஆமாம் என்றாளாம்.

இன்னும் சூடு ஆறவில்லை அது.
ஒரு சொட்டு உப்புநீர், மேலே மெல்லிய கண்ணாடித் தகடு.
நீந்தின.
உதிரும் இலை புரண்டு புரண்டு இறங்குமே, அந்த நடை.
ஒவ்வொன்றுக்கும் கண்கள்போல இரண்டு உட்கரு.
நான் பார்க்கையில் அவையும் பார்ப்பதாகத்
தோன்றாமல் இருக்க
இந்த வேலையில் பதினோரு வருடம் போதவில்லை.

"யாருக்கு?" என்றாள்.
ஆறு பூனைகள், மணல்தட்டு ஒன்று.
தட்டுக்குத் தெரியும். தட்டு சொல்லாது.

டாக்டர் யோர்தானோவா ஒரு வழி சொன்னார்:
நஞ்சில்லாத மெழுகு வண்ணக்குச்சியைத் துருவி
பூனைக்கு ஒரு நிறமாய்
ஒரு சிட்டிகை, மீனோடு.
மழலையர் பள்ளிச் சமையல்காரிக்கு
உடைந்த குச்சிகளுக்கா பஞ்சம்?
மிஷோவுக்கு நீலம்.
கத்ரான் என்கிற கறுப்பனுக்கு மஞ்சள்.
பரோனேசாவுக்கு ஊதா,
கிழவி இரண்டு வேளை கோபித்துக்கொண்டு பட்டினி கிடந்தாளாம்.

மறுவாரம் என் மேசை வளையல்கடை.
துத்தநாகக் கரைசலில் கலக்கி, வடிகட்டி, சுழற்றி,
பத்து நிமிடம் மிதக்கவிட்டுப் பார்த்தேன்.
நீலத்தில் இல்லை.
மஞ்சளில் இல்லை.
ஊதாவில் ஒரு மீன்செதில், அவ்வளவுதான்.
"இல்லை" என்று எழுதும்போது கை தயங்கும்.
ஒட்டுண்ணி தினமும் வாசலுக்கு வந்து நிற்பதில்லை.
இன்று என் கண்ணில் படவில்லை,
நான் எழுதும் இல்லைக்கு அதற்குமேல் பொருளில்லை.
அதனால் மூன்று நாள், மூன்று முறை.
ஆறு நிறத்திலும் அதே இல்லை.

"இது ஒன்று மிச்சம்," என்று
பையின் அடியிலிருந்து எடுத்தாள்.
"நிறமே காணோம். யாரோ சரியாகச் சாப்பிடவில்லை."

அதில் இருந்தன, அரிசி கொட்டினாற்போல.
போதாததற்கு உருளைப்புழுவின் முட்டைகளும்,
தடித்த ஓட்டில் அம்மைத்தழும்புக் குழிகளோடு.

நான் எதுவும் சொல்லவில்லை. அவளே எண்ணினாள்.
விரல்களில் ஆறு.
மேசையில் ஏழு.
பிறகு நிலவறை ஜன்னலின் உடைந்த மூலை
நினைவுக்கு வந்தது. பிறகு
காலைகளில் கொதிகலன் பக்கம்
குழிந்து கிடக்கும் கோணிப்பை.
ஜனவரியில் டான்யூப் காற்று துரத்த
எவர்தான் கதவைத் தட்டிவிட்டு வருவார்?

பூனைக்கு மணி கட்டுவதைப் பெரிய காரியம் என்பவர்கள்
மருந்து ஊட்டிப் பார்த்ததில்லை.
தட்டு பொது, ஆகவே மருந்தும் பொது:
ஆறு பேருக்கும் ஐந்து நாள் வெள்ளைக் குழம்பு,
தட்டுக்குத் தினம் கொதிநீர்,
கடைசி நாளில் வால்பக்கம் சோப்புக் குளியல்.
பென்காவின் முன்கையில் கோடுகள்,
எண்ணவில்லை நான்.
ஏழாவதின் எடை?
இருட்டில் அவள் பார்த்தது வால் மட்டுமே.
வாலை வைத்து மூன்றரைக் கிலோ என்று ஊகித்தோம்.
மத்தி மீனில் மறைத்துக்
கொதிகலன் பக்கம் ஐந்து இரவு வைத்தாள்.
ஐந்து காலையும் கிண்ணம் காலி.

இரண்டு வாரம் கழித்து ஒரே ஒரு புட்டியோடு வந்தாள்.
தூக்கிப் பிடித்துக் காட்டினாள்: பச்சை.
"பெட்டியில் மிஞ்சியது இந்த நிறம்தான்."

பெயர் வைத்தாயிற்றா என்று கேட்டேன்.
முடிவு வரட்டும் என்றாள்.

பத்து நிமிடம் ஆகும் என்றேன்.
கோட்டைக் கழற்றாமல் உட்கார்ந்தாள்.